உள்ளங்கையால் ஒரு தட்டு

"மரணம் இயற்கையின் சட்டம் அல்ல. அது ஒரு காவலாளியின் கெடுபிடி, அவ்வளவே. அந்தக் காவலாளியை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நான் வேலையிலிருந்து நீக்கிவிட்டேன்."

பேராசிரியர் எஸ்கில் லாகர்மார்க்கின் விழாப் பேருரை இப்படித் தொடங்கவிருந்தது. ஆய்வகத்தில் புகைப்படக்காரருக்கு முன்னால் அதை ஒருமுறை முழங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நீக்கிவிட்டேன்' என்ற இடத்தில் கையை வீசியதில் ஊசி நடுவிரலில் ஏறிவிட்டது. "ஆவ்" என்றார். அதுவும் பேருரையில் ஒரு கட்டம் என்று நினைத்துப் புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

ஊசிக்கு அங்கே வேலையே இல்லை. செல் வளர்ப்பவர்கள் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் அது படத்தில் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி விழும், ஊசிதான் எடுப்பாக இருக்கும் என்பது பேராசிரியரின் கருத்து. கையுறையையும் கழற்றி வைத்திருந்தார். முனைவர் பட்டத்தன்று போட்டுவிட்ட தங்க மோதிரம், அதில் சுற்றிலும் செதுக்கிய இலைகள், இவை தெரிய வேண்டாமா?

ஊசிக்குள் இளஞ்சிவப்பு ஊட்டநீர் இருந்தது. அதில் மிதந்தவை எல்-1 செல்கள். 'எல்' என்பது லாகர்மார்க். அடக்கத்தின் காரணமாக முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார். செல்களும் அவருடையவைதான். இளம் ஆய்வாளனாக இருந்தபோது தன் இடது முழங்கையின் உட்புறத்திலிருந்து அரிசியளவு தோலை வெட்டியெடுத்துக் குடுவையில் இட்டார். சாதாரணச் செல்கள் சுமார் ஐம்பது தடவை பிரியும், பிறகு களைத்து நின்று சாகும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காவலாளிப் புரதம் இருக்கிறது. செல் தன் டி.என்.ஏ.வைப் படி எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, பிரிவதற்கு முன்னால் ஒருமுறை, எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் அது வாசலைத் திறக்கும். எஸ்கில் ஒரு வைரஸின் மரபணுவை உள்ளே அனுப்பி அந்தக் காவலாளியின் வாயைக் கட்டினார். செல்கள் நிற்கவேயில்லை. இன்றைக்கு உலகத்தின் பாதி ஆய்வகங்களில் அவருடைய தோல் வளர்கிறது. வெள்ளிக்கிழமை அதற்குத்தான் விழா, பதக்கம், வால் வைத்த கறுப்புக் கோட் எல்லாம்.

ஆய்வகக் கதவில் ஒரு விதி ஒட்டியிருந்தது: தன் சொந்தச் செல்களோடு யாரும் வேலை செய்யக் கூடாது. குத்திக்கொண்டால் உடனே தெரிவிக்க வேண்டும். காரணம் எளிது. அந்நியனை உடம்பு அடித்துத் துரத்தும். வீட்டுக்காரனே திரும்பி வந்தால் கதவைத் திறந்துவிடும். விதியின் கீழே லாகர்மார்க் என்று பெரிதாகக் கையெழுத்து இருந்தது.

அவர் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் மருத்துவமனை, விசாரணை, வெள்ளிக்கிழமை போய்விடும். யாரும் பார்க்காதபோது விரலை வாயில் வைத்துச் சப்பினார்.

ரத்தத்தின் ருசி இல்லை. விளக்கடியில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையும் இல்லை.

*

மறுநாள் காலை துவா அவரைக் கூப்பிட்டாள். துவா ஸ்டென்ஃபோர்ஸ் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். அமைச்சரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அந்த நாட்டில், ஒரு மனிதருக்கு ஆசை என்றால் அதைக் கெடுப்பானேன் என்று 'புரொஃபசர்' போடுகிறவள்.

"புரொஃபசர், இதுல கொஞ்சம் கண்ண வச்சுப் பாருங்க. எதாவது மருந்து போட்டீங்களா இதுக்கு?"

"எதுக்கு?"

"பாருங்களேன்."

நுண்ணோக்கியில் குனிந்தார். எந்தக் குடுவையிலும் நூறு செல்லில் நாலைந்துதான் ஒரே நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும். மற்றவை வளரும், சில படி எடுக்கும், சில சும்மா கிடக்கும். சந்தைக் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு வேலை. இங்கே எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. ஒரே அளவு, ஒரே வடிவம். தரையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் பிறந்தவை போல, வளரத் தொடங்கும் நிலையில், அத்தனையும்.

"அணிவகுப்புக்கு நிக்கற மாதிரி இருக்கு," என்றாள் துவா. "எல்லாக் குடுவையும் இப்படித்தான். யார் விசில் ஊதினது?"

"வெப்பநிலை மாறியிருக்கும்," என்றார் எஸ்கில். அவருக்குத் தெரியாததற்கெல்லாம் வெப்பநிலைதான் காரணம். பிறகு, "பசிக்குது," என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

பசி என்றால் அப்படிப்பட்ட பசி. பத்து மணிக் காப்பி நேரத்தில் மேசையில் குங்குமப்பூப் பன் ஒரு தட்டு நிறைய இருந்தது. துறைத் தலைவர் பிர்கர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"எஸ்கில், அது ஆறாவது. சாகாம இருக்கறதுக்கு இவ்வளவு மாவு வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்கிலும் சிரித்துக்கொண்டே ஏழாவதை எடுத்தார். பன்னுக்கு நடுவில் பதித்திருந்த உலர்திராட்சை இரண்டும் அவரையே பார்த்தன.

புதன்கிழமைக்குள் மோதிரம் விரலின் சதைக்குள் புதையத் தொடங்கியது. சோப்புப் போட்டுப் பார்த்தார், எண்ணெய் விட்டுப் பார்த்தார், கழலவில்லை. காலணிகள் கடித்தன. சொந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தபோது முதுகுத் தையல் நிதானமாக, ஒவ்வொரு கண்ணியாக விட்டது. வாடகைக்கு ஒரு கோட் எடுக்க வேண்டியதாயிற்று. கடையிலிருந்த மிகப் பெரிய அளவு அது.

"குளிர்காலத்துல எல்லாருக்கும் கொஞ்சம் சதை போடும்," என்றார் கடைக்காரர், அளவு நாடாவின் நுனி எட்டாமல் நின்றதைப் பார்க்காதவர் போல.

அன்று துவா சொன்னாள்: "வளருது வளருது, பிரியவே மாட்டேங்குது. சாதாரணமா ஒரு நாள் போதும் அதுக்கு. எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு, புரொஃபசர்."

எஸ்கில் குடுவையைக் கையில் எடுத்தார். உடம்புச் சூட்டில் இருந்தது. வைத்துவிட மனம் வரவில்லை. அதைவிட மோசமான எண்ணம் ஒன்று வந்தது: அதற்கும் தன்னை விட மனம் வரவில்லை.

*

அவர் தனியாகத்தான் இருந்தார், ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி வீட்டில். மனைவி பல வருடங்களுக்கு முன்பே தென்பக்கம் போய்விட்டாள். டிசம்பரில் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வெளிச்சம் அணைந்துவிடும். ஜன்னல்தோறும் காகித நட்சத்திர விளக்குகள் தொங்கும். அவர் ஜன்னலில் தொங்கியது சிவப்பு. அதன் ஒளி சுவரில் பட்டு நீர்த்து, அறை முழுவதையும் இளஞ்சிவப்பாக்கியிருந்தது. வெப்பக் குழாய்களைத் திருகிக் குறைத்தார். குறையவில்லை. ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாக நீராவி படிந்து, கோடு கோடாக வழிந்தது. எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. லேசாக இனிக்கிற, வெதுவெதுப்பான, குழந்தை வாயோரத்துப் பால்போன்ற வாடை. முப்பத்தைந்து வருடமாகத் தினமும் முகர்ந்த வாடைதான். ஆனால் அது அடைகாப்புப் பெட்டியின் கதவைத் திறந்தால் வருவது. வீட்டில் வருவதில்லை.

புதன் இரவுதான் நினைவுகள் தொடங்கின.

முதலில் சுகமாகவே இருந்தது. படுத்துக்கொண்டு கண்ணை மூடினால் அவர் வாழ்க்கை தொடக்கத்திலிருந்து வரிசையாக ஓடியது. அம்மாவின் பச்சைக் கோட்டு, பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு, முதல் குடுவை, மனைவி கதவைச் சாத்திய ஓசை. ஒன்றுகூட விடுபடவில்லை. பெரிய மனிதர்களுக்கு விழாவுக்கு முன்னால் இப்படி வரும்போலும் என்று நினைத்து, பேருரையில் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்.

அப்புறம்தான் இரண்டாவது ஓட்டம் கேட்டது. அதே வாழ்க்கை, பின்னாலிருந்து. துண்டு துண்டாக. ஒரு துண்டு ஓடும், நிற்கும், அதற்கு முந்தைய துண்டுக்குத் தாவும், அது ஓடும், நிற்கும். இடையிடையே ஏதோ ஒட்டிக்கொள்ளும் மெல்லிய 'சப்' என்ற சத்தம்.

எஸ்கில் எழுந்து உட்கார்ந்தார். இதை அவர் எத்தனை வகுப்புகளில் நடத்தியிருப்பார்! டி.என்.ஏ. ஏணி நடுவில் ஜிப் போலத் திறக்கும். ஒரு பக்கத்து இழை நேராக, தொடர்ச்சியாகப் படியாகும். மறுபக்கத்து இழைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பின்னோக்கித் துண்டு துண்டாகப் படியாகி, பிறகு ஒட்டப்படும். மாணவர்களுக்கு விளங்காத இடம் அது. அவருக்கு இப்போது மிக நன்றாக விளங்கியது.

யாரோ அவரைப் படி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் படிக்கட்டில் கீழ்வீட்டு மைக்கன் நின்றிருந்தாள். ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. புகார் என்றால் கட்டடத்தின் பொதுவான துணி துவைக்கும் அறையில் சீட்டு ஒட்டுவதுதான் வழக்கம். நேரில் வந்து நிற்கிறாள் என்றால் விஷயம் பெரிது.

"உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா, எஸ்கில்?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் ராத்திரி பூரா ரெண்டு பேர் நடக்கறீங்க?"

"நான் நடக்கவேயில்ல. படுத்திருந்தேன்."

"ஒரு காலடி விழுது. அது அடங்கறதுக்குள்ள இன்னொண்ணு. அதே கனம், அதே இழுப்பு, கொஞ்சம் பின்தங்கி." மைக்கன் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "நாப்பது வருஷம் தாளம் போட்டவ நான். எனக்குத் தப்பாது."

அவர் திரும்பிப் பார்த்தார். படிக்கட்டு காலியாக இருந்தது. திரும்பியபோது கழுத்துக்குள் இரண்டு எலும்புகள் திரும்பியதுபோல் இருந்தது.

*

வியாழன் எல்லாம் நின்றுவிட்டது. பசி இல்லை. நினைவுகள் இல்லை. உடம்பு மட்டும் கனமாக, நிரம்பி, அசையாமல் கிடந்தது, சரக்கேற்றிக் கதவு சாத்திய வண்டி மாதிரி. ஆய்வகத்துக்கு வர முடியவில்லை என்று சொல்லிவிட்டார்.

துவாதான் பேசினாள்: "நம்ம குடுவையும் நின்னுடுச்சு, புரொஃபசர். படி எடுத்து முடிச்சாச்சு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் எல்லாமே ரெட்டிப்பா இருக்கு. இனிமே பிரியறதுதான் பாக்கி. நாளைக்கு விழாவுல நேரடியா காட்டலாமா?"

அவர் போனை வைத்தார். பிரிவதற்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் காவலாளி வந்து படியைச் சரிபார்ப்பார். எழுத்து மாறியிருந்தால் திருத்தச் சொல்வார். திருத்த முடியாவிட்டால் செல்லையே சாகச் சொல்வார்.

அம்மாவின் கோட்டு பச்சை. இல்லை, பழுப்பு.

பச்சைதான். பொத்தான்கூட நினைவிருக்கிறது. பழுப்புப் பொத்தான். பழுப்புக் கோட்டு, பச்சைப் பொத்தான். இரண்டும் சமமாக, தெளிவாக, சத்தியமாக நினைவிருந்தன.

வியர்த்தது. மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்தார். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு ஒரு செவிலி வந்தாள். தூக்கக் கலக்கமில்லாத, பொறுமையான குரல்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ வருது."

"சரியா கேக்கல. லைன்ல உங்க குரல் எதிரொலிக்குது. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல. யாரும் இல்ல." அந்த 'இல்ல' இன்னொரு முறை கேட்டது. தொலைபேசியில் அல்ல. விலா எலும்புகளுக்கு உள்ளே.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"நான் பேராசிரியர்... ஆய்வகத்துல."

"இந்த வாரத்துல ஊசி, கத்தி ஏதாவது குத்துச்சா? யோசிச்சு சொல்லுங்க. குத்தியிருந்தா இப்பவே ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

எஸ்கில் யோசித்தார். அலமாரியில் வாடகைக் கோட் தொங்கியது. பதக்கத்துக்கென்று அதன் மார்பில் இடம் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் ஒருத்தி கேட்டுவிட்டாள். ஒரு சொல் போதும்.

"இல்ல. எதுவும் குத்தல."

"அப்போ ரெண்டு மாத்திரை போட்டுட்டு நல்லா தூங்குங்க. நாளைக்கும் இப்படியே இருந்தா கூப்பிடுங்க."

போன் அடங்கியது. வீட்டுக்குள் எங்கோ ஒரு பூட்டுத் திறந்ததுபோல் அவருக்குத் தோன்றியது.

*

வெள்ளி மத்தியானம். வெளியே இருட்டிவிட்டது. ஆற்றோரத்தில், டிசம்பர் ஒளித் திருநாளுக்காக, வெள்ளை அங்கிப் பிள்ளைகள் தலையில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு பாடிப் போனார்கள். பாட்டு பனியில் அமுங்கி, நீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது. துவா காரில் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள். எஸ்கில் உள்ளாடையோடு கூடத்தில் நின்று கோட்டுக்குக் கையை நீட்டினார்.

கால் பிடி விட்டது.

வழுக்கவில்லை. பாதங்கள் தரையில்தான் இருந்தன. ஆனால் தரை அவரை விட்டுவிட்டது. இத்தனை வருடம் பிடித்திருந்த ஏதோ ஒன்று, விரல் விரலாகத் தன் பிடியைத் தளர்த்தியது. விழுந்தபோது வலிக்கவில்லை. முழங்கால்கள் தாமாக மார்புக்கு வந்தன. முதுகு வளைந்தது. தலை உள்ளே போனது. உருண்டையாகிக்கொண்டிருந்தார்.

பிரியும் நேரத்தில் செல் உருண்டையாகும். தரையோடு இருந்த ஒட்டு விட்டுப்போகும். அப்போது குடுவையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினால், உருண்டைகள் மட்டும் கழன்று மிதக்கும். தட்டுவதற்கு ஒரு பதம் உண்டு. மெல்லத் தட்டினால் வராது. வலுவாகத் தட்டினால் எல்லாம் வரும். வகுப்பில் தூங்குகிற பையனை எழுப்புகிற மாதிரி என்று சொல்லிக்கொடுப்பார். நாட்டிலேயே அந்தத் தட்டு தன் கைக்குத்தான் வந்தது என்பது அவர் பெருமை. துவாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

உள்ளே ஏதோ நடுக்கோட்டில் வரிசை கட்டியது. அவரிடமிருந்த எல்லாம், ஜோடி ஜோடியாக. இரண்டு பச்சைக் கோட்டு. இல்லை. ஒரு பச்சை, ஒரு பழுப்பு. இரண்டு பக்கமிருந்தும் கயிறுகள் வந்து பிடித்தன. இழுக்கவில்லை. இறுகி நின்றன.

காத்திருந்தன.

படிக்கட்டில் காலடி. இளைய, வேகமான காலடி.

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் முழங்காலுக்குள் இருந்தது.

"புரொஃபசர்! நேரமாச்சு! துணைவேந்தர் அப்பவே வந்துட்டாராம்!"

அழைப்பு மணி இருந்தது. மணியை அழுத்தியிருக்கலாம்.

கதவில் உள்ளங்கை விழுந்தது. ஒரே தட்டு. ஓங்கி. கச்சிதமாக. அவர் கற்றுக்கொடுத்த அதே பதத்தில்.

கயிறுகள் இழுத்தன.

சத்தம் வரவில்லை. ஈரத் துணியை இரண்டாகக் கிழித்தால்கூடச் சத்தம் வரும். நடுவில் ஒரு பள்ளம். ஆழம். இன்னும் ஆழம். ஒரு கை இந்தப் பக்கம். ஒரு கை அந்தப் பக்கம். கடைசியில் ஒரு நூல்.

நூலும் விட்டது.

*

இளஞ்சிவப்பு வெளிச்சம். பால் வாடை. ஈரத் தரையில் கன்னம்.

எதிரே, ஒரு கை தூரத்தில், இன்னொருவர் கன்னம் பதித்துக் கிடந்தார். அறுபத்துநாலு வயது. நரைத்த புருவம். வாயோரத்தில் பேருரையின் முதல் சொல். இரண்டு பேருக்கும் நடுவே மோதிரம் கிடந்தது. கிழிந்த உள்ளாடையும்.

எஸ்கில் மெல்ல இடது கையைத் திருப்பி, முழங்கையின் உட்புறத்தைப் பார்த்தார். அரிசியளவுத் தழும்பு அங்கேதான் இருக்கும். முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது.

வழவழவென்று இருந்தது.

வலது கையைத் திருப்பினார். தழும்பு அங்கே இருந்தது.

எதிரிலிருப்பவரும் தன் இடது கையைப் பார்த்தார். முகத்தில் நிம்மதி பரவியது. அப்புறம் நிமிர்ந்து எஸ்கிலைப் பார்த்தார். கெட்டுப்போன குடுவையைப் பார்க்கும் அந்தப் பார்வையை எஸ்கிலுக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய பார்வை.

பிரிந்த பிறகு தாய் செல் என்று எதுவும் மிச்சமிருக்காது, இரண்டுமே சேய்தான் என்று அவர் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் சொல்வார். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். அம்மாவின் கோட்டு பழுப்பு. சந்தேகமே இல்லாமல் பழுப்பு.

பசித்தது. எதிரே கிடந்த வயிறும் இரைந்தது.

"புரொஃபசர்? உள்ள இருக்கீங்களா?"

"இதோ வர்றேன்," என்றார்கள் இருவரும், விழாக் குரலில்.

வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு கோட்தான்.